காற்றுக்கூட நுழையாத கூடாரம்

சாப்பிடும் நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் "வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்" என்பார்கள். "இப்பத்தாங்க ஆச்சு" என்று நாம் சொல்ல வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பொய். சேர்த்துப் பார்த்தால் மரியாதை. இதில் ஒருவர் மட்டும் நிஜத்தில் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. என் சம்பந்தி சோதித்துப் பார்த்தார். அதனால்தான் தையல்காரனான நான், அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில், கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, புல்லே யோசித்து முளைக்கிற உயரத்தில் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி என்றால் என் மகளுடைய மாமனார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் கிரீஸும் கையுமாக ஏறி இறங்கியே காலத்தைக் கழித்தவர். "ஊர்ல இருக்கிற எல்லா மாடியும் ஏறிட்டேன் சம்பந்தி, ஒரு மாடியிலகூட வெளிய எட்டிப் பாத்ததில்ல" என்பார். அவருடைய கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு கணவாயின் படம் ஒட்டியிருக்கும். பனி மூடிய இரண்டு சிகரங்கள், நடுவில் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு பள்ளம். எந்தக் காலண்டரிலிருந்தோ கிழித்தது. ஸ்பேனரை எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பள்ளத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், அவ்வளவுதான் மனிதரின் ஆசை. ஓய்வு பெற்றதும் போகலாம் என்றிருந்தார். அவருக்கு முன்னால் அவர் முட்டி ஓய்வு பெற்றுவிட்டது. மழை முடிந்ததும் ஆபரேஷன் என்று தேதி குறித்தாகிவிட்டது. "போறதுன்னா அதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க. அப்புறம் பார்க்குல நடக்கலாம்" என்றாராம் டாக்டர், பெரிய மனசு பண்ணி.

இதையெல்லாம் அவர் ஒருநாள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். நானும் என் மனைவியும் விருந்துக்குப் போயிருந்தோம்.

"தனியா மட்டும் விடமாட்டேன்" என்றார் சம்பந்தியம்மா.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது. அவர் தட்டைப் பார்த்தார். என் மகள் என்னைப் பார்த்தாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு சங்கடமான அமைதி விழுந்தால் அதை எடுத்துப் போடவேண்டியது பெண்ணின் அப்பன் என்று எனக்குள் எவனோ எழுதி வைத்திருக்கிறான்.

"நான் வேணா வரேனே, சம்பந்தி" என்றேன்.

இதற்கு ஒரு பதில் உண்டு. "ஐயையோ, உங்களுக்கு எதுக்கு சிரமம்." அது வந்ததும் நான் "இதுல என்ன சிரமம்" என்பேன். அவர் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார். பிறகு எல்லோரும் தயிர் சாதத்துக்குப் போய்விடலாம்.

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "நிஜமாவா?" என்றார். பரீட்சையில் பாஸ் என்று யாரோ சொன்ன மாதிரி முகம் அப்படி விரிந்தது. மேசைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்தாள். கொஞ்சம் தாமதமாக.

என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் அதிகம் நடந்திருப்பது வலது பாதம்தான். அதுவும் மிஷின் பெடலில், இருந்த இடத்திலேயே.

என்னால் ஏற முடியுமோ இல்லையோ, தைக்க முடியும். மாப்பிள்ளை தன் அலுவலக நண்பரிடமிருந்து ஒரு கூடாரம் இரவல் வாங்கி வந்தார். அதைக் கடையில் வெட்டு மேசை மேல் விரித்துப் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. உச்சியில் இரண்டு பக்கமும் வாய் பிளந்த மாதிரி இரண்டு ஓட்டை, அதில் வெறும் கொசுவலை. மேல்துணிக்கும் தரைக்கும் நடுவில் சுற்றிலும் கை நுழைகிற இடைவெளி. பனி பெய்கிற இடத்தில் படுக்கப்போகிற மனுஷனுக்கு இப்படியா தைத்துக் கொடுப்பது? எந்தத் தறுதலை வேலை பார்த்தானோ என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். ஓட்டைகளுக்கு உள்ளே தடித்துணி வைத்து இரட்டைத் தையல் போட்டேன். அடியில் சுற்றிலும் பட்டி கொடுத்து, தரைத்துணியோடு சேர்த்து அடித்தேன். நூல்கூடத் தேடிப் பிடித்து அதே நிறத்தில்.

சம்பந்தி வந்து பார்த்தார். உள்ளே தலையை விட்டார். மேலே பார்த்தார். அடைத்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்துகூட நுழையாது போலிருக்கே" என்றார்.

"நம்ம வேலை அப்படி" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் எங்களைக் கூட்டிப்போக ஒரு பெண் காத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அந்தக் கணவாயைத் தாண்டித் தாண்டியே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெயரெல்லாம் கேட்காமல், "டைலர் சார், லிஃப்ட் சார்" என்று வைத்துக்கொண்டாள். மூட்டைகளைச் சுமக்க இரண்டு கோவேறு கழுதைகள். அவற்றை ஓட்டவும் சமைக்கவும் அவள் கணவர். அவர் கழுதைகளோடு மட்டும்தான் பேசினார். "என்கிட்ட பேசணும்னாலும் அதுங்க மூலமாத்தான் சொல்லி அனுப்புவாரு" என்றாள் அவள். அந்த மனிதர் கழுதையின் காதுக்குள் சிரித்துக்கொண்டார்.

முதல் நாளே தன் வழக்கத்தைச் சொல்லிவிட்டாள்.

"உயரத்துல காத்து கம்மி. தலைவலி வரலாம், சாப்பாடு இறங்காது, வாந்தி வரும், சின்னச் சின்ன வேலையில கை தடுமாறும். வந்தா உடனே சொல்லணும். ஆனா யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா திருப்பி அனுப்பிடுவேன்னு தெரியும், அனுப்பவும் செய்வேன். அதனால நான் யாரையும் 'நீங்க எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கிறதில்ல. 'அவர் எப்படி இருக்காரு'ன்னுதான் கேப்பேன். டைலர் சார் லிஃப்ட் சாரப் பத்தி சொல்லணும், லிஃப்ட் சார் டைலர் சாரப் பத்தி. தன்னப் பத்திப் பொய் சொல்றவங்ககூட அடுத்தவங்களப் பத்தி உண்மையச் சொல்லிடுவாங்க."

பாவம், நல்ல அனுபவசாலி. ஆனால் அதுவரை அவள் சம்பந்திகளை ஏற்றியதில்லை.

மறுநாள் காலை கேட்டாள். "டைலர் சார், அவர் எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, சிங்கம் மாதிரி இருக்காரு" என்றேன். சிங்கம் அப்போது ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு முட்டியை நீவிக்கொண்டிருந்தது.

"லிஃப்ட் சார், இவர்?"

"ஏறும்போது பாத்தீங்களா? மான் மாதிரி" என்றார் அவர். மான் அதற்கு முந்தின நாள் மதியம் ஒரு கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல மிருகக்காட்சி சாலை" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இப்படியே மரம் போனது, புதர் போனது. வெறும் கல்லும் சரிவும் எங்கேயோ கேட்கிற தண்ணீர்ச் சத்தமும் மிஞ்சின. சம்பந்தி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வெளியே பார்த்தார். "பாருங்க சம்பந்தி, எல்லாப் பக்கமும் ஜன்னல்" என்பார். நான் பேச மூச்சில்லாமல் தலையை ஆட்டுவேன். அவர் அதை ரசனை என்று நினைத்துக்கொள்வார். எனக்கு அவர்மேல் ஏற்கனவே மதிப்பு உண்டு. பிரியம் என்பது அந்தத் திருப்பங்களில்தான் வந்தது என்று நினைக்கிறேன். வயதான மனிதர் ஒருவர் சின்னப் பையன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் யாருக்கும் வரும்.

ஒரே ஒரு குறை, விடிந்து எழும்போதெல்லாம் கூடாரத்துக்குள் மழை பெய்திருந்தது. வெளியே தரை காய்ந்து கிடக்கும், உள்ளே கூரையிலிருந்து மூக்கில் சொட்டும். ஸ்லீப்பிங் பேக்கைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

"ராத்திரி நல்ல பனி போல" என்பார் சம்பந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"ஆமாமா, மலைன்னா அப்படித்தான்" என்பேன் நான். ஒருவேளை என் தையலில் எங்கேயோ இடைவெளி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கவலை. ஊசி நூல் டப்பா கையோடு இருந்ததால் ஒருநாள் அவர் பல் தேய்க்கப் போன சமயத்தில் ஜிப்பின் ஓரத்தையும் சேர்த்து இறுக்கிவிட்டேன்.

கணவாய்க்குக் கீழே கடைசித் தங்கல். அங்கிருந்து அந்தப் பள்ளம் தெரிந்தது. காலண்டரில் இருந்த அதே பள்ளம். சம்பந்தி பையைக்கூட இறக்கி வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்ந்து சூப் கொடுத்தபோது "இதோ வரேன்" என்று ஒரு பாறைக்குப் பின்னால் போனார். அவர் வர நேரமாகவே நான் எட்டிப் பார்த்தேன். குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

முதுகை நீவிவிட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"சம்பந்தி, ஒரு உதவி. இத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதீங்க."

"தலை வலிக்குதா?"

"லேசா. ரெண்டு நாளாவே. நாளைக்கு ஒரு காலைப் பொழுது, அவ்வளவுதான். இங்கேருந்து திருப்பி அனுப்பிட்டா அப்புறம் இந்த முட்டியில இரும்புதான். திரும்ப இங்க எவன் வருவான், சொல்லுங்க."

என்ன சொல்வது? பெண்ணைக் கொடுத்த வீடு. கையைப் பிடித்துக் கேட்கிறார். "சொல்ல மாட்டேன்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் நான் முதலில் வெளியே வந்தேன். பள்ளத்தின் மேல் வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது. அவள் கையில் டீயோடு வந்தாள்.

"டைலர் சார், அவர் எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன" என்று ஆரம்பித்தேன். அப்போது அவர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். என் வாய் அப்படியே நின்றுவிட்டது.

என் சம்பந்தி உடை விஷயத்தில் சுத்தக்காரர். கிரீஸ் வேலை பார்த்தவர் என்று சட்டையைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் போட்டிருந்த கோட்டில் முதல் பட்டன் இரண்டாவது காஜாவில் இருந்தது. அதிலிருந்து வரிசையாக எல்லாமே ஒன்று தள்ளி. கீழே ஒரு பட்டன் அனாதையாகத் தொங்கியது. அவர் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். எங்கே தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவிழ்த்தார், மறுபடி போட்டார், மறுபடியும் அதே தப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காலமெல்லாம் பட்டன் பார்த்துப் பிழைத்தவன் நான். வாக்குக் கொடுத்த வாய் ஒன்று, அந்தப் பட்டனைப் பார்த்த கண் இரண்டு.

"அவருக்கு உடம்பு சரியில்ல" என்றேன். "நேத்து சாயங்காலம் வாந்தி எடுத்தாரு. ரெண்டு நாளா தலைவலி. முட்டி முதல் நாள்லேருந்தே வலி. நான் சொன்ன சிங்கமெல்லாம் பொய்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. கடைசி மாடியில் கதவு திறக்காத லிஃப்டில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது அந்த முகம்.

"ஒரு காலைப் பொழுது சம்பந்தி" என்றார். "அதுகூடத் தாங்கல பாருங்க."

அவள் அவரை உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்தாள், விரலை மடக்கச் சொன்னாள், நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள். நடந்தார், லேசாகச் சாய்ந்து. "கீழ இறங்குறோம், இப்பவே" என்றாள். அவருடைய பையை எடுக்கக் கூடாரத்துக்குள் தலையை விட்டவள், அப்படியே பின்வாங்கினாள். கை ஈரமாக இருந்தது. மறுபடி உள்ளே போனாள். தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இத யார் தச்சது?"

"நான்தான்" என்றேன். வெட்கம் கெட்ட வாய், அந்த நேரத்திலும் பெருமையாகத்தான் சொன்னது.

"எதுக்கு?"

"ஓட்டை இருந்துச்சேம்மா."

கழுதைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "அது ஓட்டை இல்ல சார். மூக்கு" என்றாள். "நீங்க விடற மூச்செல்லாம் வெளிய போகணும். போகாட்டி மேல ஒட்டி, தண்ணியாகி உங்க மேலயே விழும். நல்ல காத்தும் உள்ள வராது. ஏற்கனவே காத்து கம்மியான இடத்துல, இருக்கிற கொஞ்சத்தையும் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கீங்க. இவரோட தலைவலி பாதி மலையால, பாதி உங்களால."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன். அடியில் ஈரமான கல்.

"சம்பந்தி" என்றேன், "மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியாது."

அவர் கோட்டுப் பட்டனைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னது?"

"லிஃப்ட் பெட்டியில காத்துக்கு வழி விடாம அடைச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? உங்க கடையில தலைய விட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ராத்திரி பகலா உக்காந்து தச்சிருக்கீங்க. நூலெல்லாம் அதே நிறத்துல. என் மருமகளோட அப்பா ஆசையா செஞ்சத, சரியில்லன்னு எப்படிச் சொல்றது?"

வழிகாட்டி எங்கள் இருவரையும் பார்த்தாள். முதலில் கோபமாகத்தான் பார்த்தாள். பிறகு முகம் எங்கெங்கோ போய், சிரிப்பில் வந்து நின்றது. "இந்த மலையில பனியில மாட்டினவங்கள பாத்திருக்கேன், பாறை உருண்டு அடிபட்டவங்கள பாத்திருக்கேன். மரியாதையாலயே செத்தவங்கன்னா நீங்க ரெண்டு பேரும்தான் முதல் ஆளா இருந்திருப்பீங்க" என்றாள். "எழுந்திரிங்க."

இறங்கினோம். சம்பந்தி திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கும் சேர்த்து நான் பார்த்தேன். பள்ளம் அங்கேயேதான் இருந்தது, வெயிலில்.

கீழே புல்வெளிக்கு வந்ததும் காற்று கனமாக, ருசியாக இருந்தது. அவருக்கு ஒரு சாய்வான கல்லில் படுக்கை போட்டாள். ஈரத்தையெல்லாம் பாறை மேல் விரித்துக் காயப்போட்டோம். "தல முழுசா தெளிஞ்சு, வானமும் தெளிவா இருந்தா இன்னொரு தடவ பாக்கலாம். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி வீட்டுக்கு" என்றாள். கழுதைக்காரர் கழுதையிடம் ஏதோ சொன்னார். "வானம் தெளிவா இருக்குமாம்" என்று அவள் மொழிபெயர்த்தாள்.

நான் கூடாரத்தைப் புல்லில் விரித்து, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தேன். தைத்தபோது மிஷின் பறந்தது. பிரிக்க ஒவ்வொரு நூலாக வெட்ட வேண்டியிருந்தது. தறுதலை வேலை என்று நான் திட்டியவனுடைய வலைத்துணி ஒரு கண்கூட அறாமல் உள்ளே பத்திரமாக இருந்தது. மனசுக்குள் அவனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சம்பந்தி எழுந்து வந்து எதிரே உட்கார்ந்து, துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல தையல்" என்றார். "பிரியவே மாட்டேங்குது."

"சம்பந்தி, நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றேன். "அன்னிக்கு உங்க வீட்ல 'நான் வரேன்'னு சொன்னது சும்மா மரியாதைக்கு. நீங்க வேண்டாம்பீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"அதுவும் தெரியுமா?"

"உங்க வீட்டம்மா மிதிச்சது உங்க கால்ல பாதி, என் கால்ல பாதி" என்றார். "தெரிஞ்சுதான் புடிச்சுக்கிட்டேன். அத விட்டா எனக்கு வேற ஆள் ஏது? ஒரு இடத்துலயாவது மரியாதை இல்லாம நடந்துக்கலேன்னா இங்க வந்திருக்கவே முடியாது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது தலை வலிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வலிக்குது, ஆனா கம்மி" என்றார். அதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் நிஜமான உடல்நிலை அறிக்கை.

அதற்குப் பிறகு நாங்கள் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். உண்மை பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே நான் சொல்வேன். "நேத்து அரை தட்டுதான் சாப்பிட்டாரு, மீதிய கழுதைக்குக் கொடுத்தாரு." அவர் விடுவாரா? "இவர் காட்சி பாக்கறேன்னு உக்கார்ற இடத்துல காட்சியே கிடையாது, நல்லா கவனிங்க." "இவரு குறட்டையில டென்ட்டு ஆடுது" என்பேன் நான். "வீட்டம்மா கொடுத்த கம்பளிக் குல்லாய ஆள் பாக்கும்போது கழட்டிடறாரு." அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "போதும் சார், நான் மூச்சப் பத்தி மட்டும்தான் கேட்டேன்."

இரண்டு இரவு கூடாரம் காய்ந்து கிடந்தது. படுத்தால் வலைக்கு மேலே நட்சத்திரம் தெரிந்தது. அவருக்குத் தலை சுத்தமாகத் தெளிந்தது. விரலை மடக்கினார், நேர்கோட்டில் நடந்தார், என் கண் முன்னாலேயே கோட்டுப் பட்டனைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றும் அதனதன் காஜாவில். நான் "சரி" என்று தலையாட்டிய பிறகுதான் அவள் "போகலாம்" என்றாள். என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை.

மெதுவாக ஏறினோம். கடைசிச் சரிவில் அவர் முட்டிக்காக நின்றார், நான் எல்லாவற்றுக்காகவும் நின்றேன். பிறகு திடீரென்று ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. காற்று முகத்தில் அடித்தது. அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலையாக நீலம் நீலமாகப் போய்க்கொண்டே இருந்தது. வெகு கீழே ஒரு ஆறு, விழுந்து கிடக்கிற நூல் மாதிரி.

எங்களைக் கொஞ்சம் மூச்சு வாங்க விட்டுவிட்டு அவள் கேட்டாள். "டைலர் சார், அவர் எப்படி இருக்காரு?"

பார்த்தேன். "தலைவலி இல்ல. முட்டி வலிக்குது, தாங்குவாரு. கண்ணாடியக் கழட்டி பனி பட்ட மாதிரி தொடைக்கிறாரு. பனியெல்லாம் ஒண்ணும் இல்ல. அழறாரு."

"லிஃப்ட் சார், இவர்?"

அவர் திரும்பாமலே சொன்னார். "மூச்சு வாங்குது. கால் நடுங்குது. நான் கண்ணாடி தொடைக்கிறேன்னு சொல்றாரே, அவர்கிட்ட கண்ணாடியே இல்ல. வெறும் கண்ணத் தொடைக்கிறாரு."

"ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க" என்றாள் அவள். கணவரோடு கழுதைகளை ஓட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.

நாங்கள் இன்னும் கொஞ்சம் நின்றோம். "ஆபரேஷன் முடிஞ்சா தினம் பார்க்குல நடக்கணுமாம் சம்பந்தி" என்றார். "தனியா விடமாட்டாங்க, தெரியும்ல."

"நான் வரேன்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஐயையோ" என்றார், அத்தனை மரியாதையாக. "உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

அந்தச் சாப்பாட்டு மேசையில் நான் காத்திருந்த வாக்கியம். ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது.

"காலையிலயா, சாயங்காலமா?" என்று கேட்டேன்.